அடிதடி கேஸில் தம்பி பெயர் வந்துவிட்டது: முதல் இரண்டு நாளில் செய்ய வேண்டியவை

கேட்டவர் சொன்னதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தம்பி ஏற்காட்டில் டாக்ஸி ஓட்டுகிறான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஏரிப் பக்கம் வண்டி நிறுத்துவதில் இன்னொரு டிரைவரோடும் அவருடைய மச்சானோடும் வாய்த்தகராறு, அப்புறம் கைகலப்பு. அவர்கள் இரண்டு பேரும் அன்றைக்கு ராத்திரியே சேலம் ஜி.ஹெச்.சில் அட்மிட் ஆகிவிட்டார்கள். தம்பிக்கும் தலையில் அடி, முன்பல் ஒன்று ஆடுகிறது, ஆனால் அவன் மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு வீட்டிலேயே படுத்துவிட்டான். இன்றைக்கு ஸ்டேஷனிலிருந்து 'விசாரணைக்கு வா' என்று போன் வந்திருக்கிறது. முன்ஜாமீன் கிடைக்கும்வரை ஆளை வெளியூர் அனுப்பச் சொல்கிறார் ஒருவர், பணம் கொடுத்துப் பேசி முடிக்கச் சொல்கிறார் இன்னொருவர். என்ன செய்வது?

சேலம் கோர்ட்டுகளில் கிரிமினல் வழக்கு நடத்துகிறவன் என்ற முறையில் சொல்கிறேன், இரண்டுமே இப்போதைக்கு வேண்டாம். முதல் வேலை, தம்பியை அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போவது. வக்கீலைப் பார்ப்பதுகூட அதற்குப் பிறகுதான். அடிதடி வழக்கு பெரும்பாலும் முதல் இரண்டு நாளில் காகிதத்தில் என்ன ஏறியது என்பதில்தான் ஜெயிக்கிறது அல்லது தோற்கிறது. ஒன்றரை வருஷம் கழித்து கூண்டில் சாட்சி நிற்கும்போது வக்கீல் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், கையில் காகிதம் இல்லாமல் பேசுவதற்கு ஒரு எல்லை உண்டு.

எந்தக் காகிதம் என்றால் ஏ.ஆர். காப்பி. அடிபட்டவர் போனதும் டூட்டி டாக்டர் விபத்துப் பதிவேட்டில் எழுதுவார்: எத்தனை மணிக்கு வந்தார், யார் அழைத்து வந்தார்கள், எங்கே, எப்போது, எத்தனை பேர், எதனால் அடித்ததாகச் சொன்னார், தெரிந்த நபரா தெரியாத நபரா, காயம் ஒவ்வொன்றும் எத்தனை சென்டிமீட்டர், மது வாடை இருந்ததா. சம்பவம் நடந்த சூட்டில், யாரும் சொல்லிக்கொடுப்பதற்கு முன்னால், அடிபட்டவர் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை அதில்தான் இருக்கிறது. ஏ.ஆரில் 'தெரிந்த ஒரு நபர் கையால் அடித்ததாக' என்று இருக்கும், மறுநாள் எழுதிய புகாரில் 'மூன்று பேர் ஜாக்கி ராடால் தாக்கினார்கள்' என்று இருக்கும். இந்த இடைவெளியை வைத்தே விடுதலையான வழக்குகள் உண்டு. அதனால் எதிர்த்தரப்பின் ஏ.ஆரும் உங்களுக்கு முக்கியம், ஆனால் அது குற்றப்பத்திரிகையோடு பிறகு எப்படியும் கைக்கு வரும். உங்கள் தம்பியின் காயத்துக்கான ஏ.ஆர். மட்டும் இன்றைக்குப் போனால்தான் உண்டு, வீக்கம் வடிந்து காயம் காய்ந்துவிட்டால் எந்த டாக்டராலும் அதை எழுத முடியாது.

ஏற்காடு அரசு மருத்துவமனைக்கே போகலாம். தலையில் அடி என்பதால் கீழே சேலம் மோகன் குமாரமங்கலம் மருத்துவமனைக்கு அனுப்பினால் யோசிக்காமல் போங்கள், தலைக்காயத்தில் வழக்கைவிட உயிர் முக்கியம். ஏன் இரண்டு நாள் தாமதம் என்று டாக்டர் கேட்டால் உண்மையைச் சொல்லட்டும், மாத்திரை போட்டுப் படுத்திருந்தேன், வலி குறையவில்லை என்று. தாமதத்தை வக்கீல் சமாளிப்பார், பொய்யைச் சமாளிக்க முடியாது. இன்னொன்று, ஆடுகிற பல்லைச் சாதாரணமாக விட்டுவிடாதீர்கள். பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் (பி.என்.எஸ்.) 116-ஆவது பிரிவு 'கொடுங்காயம்' என்று சொல்கிற எட்டு வகையில் எலும்பு அல்லது பல் முறிவதும் இடம்பெயர்வதும் வருகிறது. பல் டாக்டர் பார்த்து அப்படி எழுதிக் கொடுத்தால், இன்றைக்கு உங்கள் தம்பி மேல் புகார் கொடுத்தவர்கள் மேலேயே அதைவிடப் பெரிய பிரிவு வரும்.

அடுத்தது தம்பியின் புகார். இரண்டு பிரதி எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது, அதாவது புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான ரசீது, வாங்குங்கள். கொடுப்பதற்கு முன்னால் ஒரு வக்கீலிடம் காட்டிவிடுங்கள், ஏனென்றால் இதில் எழுதுகிற ஒவ்வொரு வரியும் பிறகு தம்பியின் தற்காப்பு வாதத்தோடு ஒத்துப்போக வேண்டும். 'நான் ஒன்றுமே செய்யவில்லை, அவர்களாகவே கீழே விழுந்தார்கள்' என்று எழுதுவதுதான் பெரும்பாலும் வழக்கைக் கெடுக்கிறது. அங்கே பத்து பேர் பார்த்திருப்பார்கள், யாராவது ஒருவர் போனில் வீடியோ எடுத்திருப்பார். ஸ்டேஷனில் வாங்க மறுத்தால் சண்டை போட வேண்டாம். புகாரின் சாராம்சத்தை மாவட்ட எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். ஏற்காடு மாவட்ட போலீஸின் கீழ் வருகிறது, மாநகர கமிஷனருக்கு அனுப்பிப் பலனில்லை. அதற்கும் நடவடிக்கை இல்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் மனு போடலாம்.

இரண்டு பக்கமும் புகார் இருந்தால் அதைக் கேஸ், கவுன்டர் கேஸ் என்போம். ஒரே அதிகாரி இரண்டையும் விசாரித்து, யார் ஆரம்பித்தது என்று பார்த்து முடிவெடுக்க வேண்டும் என்று தமிழ்நாடு போலீஸ் நிலையாணை 588-ஏ சொல்கிறது. இரண்டும் கோர்ட்டுக்கு வந்தால் ஒரே நீதிபதிதான் அடுத்தடுத்து விசாரித்துத் தீர்ப்பு சொல்ல வேண்டும் என்று நாத்தி லால் வழக்கில் 1990-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. கவுன்டர் கேஸ் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்றால், கோர்ட்டின் கண்ணுக்கு உங்கள் தம்பி ஒருவன்தான் அடித்தவன், மற்ற இருவரும் அடிவாங்கியவர்கள். கதை அங்கேயே முடிந்துவிடும்.

அப்புறம் வீடியோ. ஏரிப் பக்கம் கடைகளில், லாட்ஜ் வாசல்களில் கேமரா இருக்கும், ஆனால் பழைய பதிவு மேல் புதுப் பதிவு தானாக ஏறி அழிந்துவிடும். கடைக்காரரிடம் இன்றே கேளுங்கள், கொடுக்க மறுத்தால் எந்தக் கடை, எந்தக் கேமரா, எத்தனை மணி என்று குறித்து விசாரணை அதிகாரிக்கு எழுத்தில் கொடுங்கள். எழுத்தில் கொடுத்தும் அவர் எடுக்கவில்லை என்றால் அதுவே குறுக்கு விசாரணையில் பெரிய கேள்வி. தம்பி அன்று போட்டிருந்த சட்டையைத் துவைக்காமல் வையுங்கள். போனில் இருக்கிற எதையும், வாட்ஸ்அப்பில் கோபத்தில் எழுதியது உட்பட, அழிக்கவே கூடாது. சாட்சியத்தை மறைப்பது தனிக் குற்றம்.

இப்போது எந்தப் பிரிவில் கேஸ் என்று பார்ப்போம். 2024 ஜூலை 1 முதல் நடந்த சம்பவங்களுக்குப் பழைய இந்திய தண்டனைச் சட்டம் கிடையாது. நம் ஊர் அடிதடி எஃப்.ஐ.ஆர். எல்லாவற்றிலும் வருகிற 294(பி), 323, 324, 506(2) என்கிற வரிசை இப்போது 296(பி), 115(2), 118(1), 351(3) ஆகிவிட்டது. கெட்ட வார்த்தை, சாதாரணக் காயம், ஆயுதத்தால் காயம், கொலை மிரட்டல். இதில் 115(2) ஜாமீனில் விடக்கூடியது, அதிகபட்சம் ஒரு வருஷம். 118(1) மூன்று வருஷம் வரை, புதிய சட்டத்தில் ஜாமீனில் விட முடியாத குற்றமாக வைத்திருக்கிறார்கள். அதனால் தம்பி வெறும் கையால் அடித்தானா, ராடால் அடித்தானா என்பதில்தான் எல்லாமே இருக்கிறது, புகார் எழுதுகிறவர்களுக்கும் அது நன்றாகத் தெரியும். எலும்பு முறிவு இருந்தால் 117(2), ஏழு வருஷம் வரை. முறிவு என்றால் எக்ஸ்ரே வேண்டும், அதைப் பார்த்த டாக்டர் கோர்ட்டுக்கு வந்து சொல்ல வேண்டும், காயச் சான்றிதழில் 'முறிவு இருக்கலாம்' என்பது போதாது. பழைய சட்டத்தில் 20 நாள் கடும் வலியில் இருந்தாலோ வழக்கமான வேலையைப் பார்க்க முடியாமல் போனாலோ கொடுங்காயம் என்று இருந்தது, இப்போது 15 நாள். ஆஸ்பத்திரியில் கூடுதலாக நாலு நாள் படுத்திருப்பதற்குப் பின்னால் சில சமயம் இந்தக் கணக்கும் இருக்கும். ஆயுதத்தால் கொடுங்காயம் என்கிற 118(2)-ஓ கொலை முயற்சியான 109-ஓ சேர்ந்திருந்தால் அது வேறு தளம், அதைக் கடைசியில் சொல்கிறேன்.

எஃப்.ஐ.ஆரை இணையத்திலேயே எடுக்கலாம். சில வகை வழக்குகளைத் தவிர மற்றதை 24 மணி நேரத்தில் பதிவேற்ற வேண்டும் என்று 2016-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. அதைப் பார்க்காமல் யாரும் உங்களுக்கு உறுதியாக எதுவும் சொல்ல முடியாது, சொன்னால் நம்பாதீர்கள்.

ஸ்டேஷனுக்குப் போவதா? போனில் கூப்பிட்டதற்குத் தனியாகப் போக வேண்டாம், ஆனால் தலைமறைவாகவும் வேண்டாம். ஏழு வருஷத்துக்குள் தண்டனை உள்ள குற்றங்களில் கைது தானாக நடக்கக் கூடாது, கைது ஏன் தேவை என்று போலீஸ் காரணம் எழுத வேண்டும், தேவையில்லை என்றால் ஆஜராகச் சொல்லி நோட்டீஸ் கொடுக்க வேண்டும் என்பது 2014-இல் அர்னேஷ் குமார் வழக்கில் வந்த தீர்ப்பு. புதிய நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.சில் அது 35(3) நோட்டீஸ். வக்கீல் மூலமாக 'நோட்டீஸ் கொடுங்கள், அன்றைக்கே ஆஜராகிறோம்' என்று சொல்லுங்கள். நோட்டீஸுக்கு ஒழுங்காகப் போகிறவனைக் கைது செய்ய வேண்டுமென்றால் போலீஸ் தனியாகக் காரணம் எழுத வேண்டும். வெளியூர் போய்விட்டால் அந்தக் காரணத்தை நீங்களே எழுதிக் கொடுத்த மாதிரி, முன்ஜாமீன் மனு வருகிற அன்றைக்கு அரசு வக்கீல் எழுந்து 'ஆள் தலைமறைவு' என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்.

விசாரணையில் என்ன பேச வேண்டும்? பெயர், விலாசம், நான் புகார் கொடுத்திருக்கிறேன், எனக்கும் காயம், ஏ.ஆர். இருக்கிறது. அவ்வளவுதான். தனக்கு எதிராகவே சாட்சி சொல்லும்படி யாரையும் கட்டாயப்படுத்த முடியாது, அரசியலமைப்பின் 20(3) அது. போலீஸிடம் சொன்ன ஒப்புதல் வாக்குமூலம் சாட்சியம் ஆகாது, ஆனால் அதைத் தொடர்ந்து ராடு மாதிரி ஒரு பொருள் எடுக்கப்பட்டால் அந்த அளவுக்கு அது உள்ளே வரும். அதனால் வெற்றுத் தாளில், எழுதி முடிக்காத மகஜரில் (பொருளைக் கைப்பற்றும்போது போலீஸ் எழுதும் ஆவணம்) கையெழுத்துப் போடவே கூடாது. விசாரணையின்போது வக்கீலைச் சந்திக்க உரிமை உண்டு, முழு நேரமும் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க முடியாது.

கைதே செய்துவிட்டால், காரணத்தை அவனுக்குப் புரிகிற மாதிரி சொல்ல வேண்டும், வீட்டாருக்குத் தகவல் சொல்ல வேண்டும், பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்த வேண்டும். காரணம் சொல்லாத கைது செல்லாது என்று 2025 பிப்ரவரியில் விஹான் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் அழுத்தமாகச் சொல்லிவிட்டது. மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்திக் காவலில் வைக்கக் கேட்கிற அந்த ரிமாண்ட் நேரம் மிகவும் சின்னது, இரண்டு மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும். 'ஏதாவது சொல்ல வேண்டுமா' என்று மாஜிஸ்திரேட் கேட்கும்போது பயந்துபோய் 'ஒன்றுமில்லைங்க ஐயா' என்று சொல்லிவிடுகிற பையன்களைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரியும். தலையில் அடி, பல்லில் அடி, யார் அடித்தது, ஸ்டேஷனில் யாராவது கைவைத்தார்களா, எல்லாவற்றையும் அங்கேயே சொல்லச் சொல்லுங்கள். கேட்பது அவர் கடமை, எழுதுவதும் அவர் கடமை.

ஜாமீனைப் பற்றி நீளமாக எழுத வேண்டியதில்லை. இந்த மாதிரி வழக்கில் சேலம் செஷன்ஸ் கோர்ட்டிலோ சென்னை உயர் நீதிமன்றத்திலோ முன்ஜாமீன் கேட்கலாம், முதலில் செஷன்ஸில் கேட்பதுதான் வழக்கம். நீதிபதி வாயிலிருந்து வருகிற முதல் கேள்வி பெரும்பாலும் 'காயம்பட்டவர் டிஸ்சார்ஜ் ஆகிவிட்டாரா?' என்பதுதான். ஆகவில்லை என்றால் பெரும்பாலும் ஒரு வாரம் தள்ளிப்போகும், பதற வேண்டாம். கிடைத்த பிறகு தினமும் ஸ்டேஷனில் போய்க் கையெழுத்துப் போடச் சொல்வார்கள், ஒரு நாள்கூடத் தவறக் கூடாது. ஜாமீன்தாரர் இரண்டு பேர், ஒருவர் ரத்த உறவாக இருக்கச் சொல்லலாம், ஆதார், வீட்டு வரி ரசீதை இப்போதே எடுத்து வையுங்கள்.

இனி தற்காப்பு. உங்கள் கேள்வியில் 'அவர்கள் இரண்டு பேர், இவன் ஒருவன், முதல் அடி அவர்களுடையது' என்று எழுதியிருக்கிறீர்கள். அது உண்மையென்றால் பி.என்.எஸ். 34 முதல் 44 வரை தம்பிக்காகவே எழுதியது போன்றது. தன் உடலைக் காத்துக்கொள்ளச் செய்தது குற்றமே ஆகாது. போலீஸ் உதவி கேட்க நேரம் இருந்ததா, தேவைக்கு மேல் அடித்தானா, இந்த இரண்டையும்தான் கோர்ட் பார்க்கும். சண்டைக்கு நடுவில் அடிவாங்கிக்கொண்டு நிற்கிறவன் அடியை அளந்து அடிக்க முடியாது என்பதை நீதிபதிகளும் ஏற்கிறார்கள். ஆனால் அவர்கள் திரும்பி ஓடிய பிறகு இவன் துரத்திப்போய் ஒரு அடி போட்டிருந்தால், அந்த ஒரு அடிக்குத் தற்காப்பு கிடையாது. வக்கீலிடம் தம்பி இதை மறைக்கக் கூடாது. வீட்டார் முன்னால் சொல்லக் கூச்சப்படுவான், அதனால் நீங்கள் வெளியே உட்கார்ந்துகொண்டு அவனைத் தனியாகப் பேச விடுங்கள்.

தற்காப்பைச் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்கத் தேவையில்லை, நம்பத்தகுந்த அளவுக்குக் காட்டினால் போதும், அரசுத் தரப்பு சாட்சிகளின் வாயிலிருந்தே அதை எடுக்கலாம். லட்சுமி சிங் எதிர் பீகார் அரசு என்ற 1976-ஆம் வருஷத் தீர்ப்பை நாங்கள் இன்றும் தூக்கிக்கொண்டு போவதற்குக் காரணம் இருக்கிறது. குற்றம் சாட்டப்பட்டவர் உடம்பிலும் அதே சம்பவத்தில் பட்ட பெரிய காயம் இருந்து, அது எப்படி வந்தது என்று அரசுத் தரப்பு சாட்சிகள் சொல்லாமல் விட்டால், அவர்கள் முக்கியமான எதையோ மறைக்கிறார்கள் என்று கோர்ட் எடுத்துக்கொள்ளலாம். சின்னச் சிராய்ப்புக்கு இது பொருந்தாது. ஆனால் காயமே காகிதத்தில் இல்லையென்றால் இந்தத் தீர்ப்பை வைத்து என்ன செய்வது? அதனால்தான் ஆரம்பத்திலேயே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னேன்.

பேசி முடிப்பது தப்பில்லை. ஒரே ஸ்டாண்டில் வண்டி ஓட்டுகிறவர்கள், நாளைக்கும் முகத்தில் முழிக்க வேண்டியவர்கள். ஆனால் ஸ்டேஷன் வாசலில் யாரோ ஒருவர் கையில் பணத்தைக் கொடுத்து வாய்வார்த்தையில் முடித்தால் கேஸ் முடியாது. 115(2) என்றால் காயம்பட்டவரே கோர்ட்டில் சமரசம் செய்துகொள்ளலாம், 117(2) என்றால் கோர்ட் அனுமதியோடு. 118(1) சமரசப் பட்டியலில் இல்லை, அதற்கு உயர் நீதிமன்றத்தில் பி.என்.எஸ்.எஸ். 528-இன் கீழ் மனு போட்டு ரத்து செய்ய வேண்டும். இப்படிப்பட்ட தனிப்பட்ட தகராறுகளில் அப்படி ரத்து செய்யலாம் என்று கியான் சிங் வழக்கில் 2012-இல் தீர்ப்பு வந்திருக்கிறது. டிஸ்சார்ஜ் ஆனதும் பெரியவர்களை வைத்துப் பேசுங்கள், வைத்தியச் செலவைக் கொடுப்பதாக இருந்தால் எழுத்தில் கொடுங்கள். அதுவரை தம்பி அவர்களைப் போனில் கூப்பிடவோ ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்க்கவோ வேண்டாம். நல்ல மனதோடு போனாலும் 'மிரட்ட வந்தான்' என்று இன்னொரு புகார் வரும்.

இதைவிட ஆபத்தான ஒரு யோசனை கோர்ட் வராண்டாவிலேயே கிடைக்கும். 'குற்றத்தை ஒத்துக்கிட்டு ஃபைன் கட்டிடு, ஒரே வாய்தாவில் முடிஞ்சுடும்' என்பார்கள். ஃபைன் கட்டினால் அது தண்டனை, வாழ்நாள் முழுக்க ஆவணத்தில் இருக்கும், பாஸ்போர்ட்டிலும் அரசு வேலையிலும் எழுந்து வரும். தமிழ்நாடு போலீஸ் வேலைக்கு விதிகள் இன்னும் கடுமை, சந்தேகத்தின் பலனில் விடுதலையானால்கூட வழக்கில் சம்பந்தப்பட்டவர் என்றே எடுத்துக்கொள்வார்கள். இருபது சொச்சம் வயதுப் பையன் இருநூறு முன்னூறு வாய்தாச் செலவுக்குச் சலித்துக்கொண்டு இதைச் செய்வதை நான் ஒருபோதும் ஒப்புக்கொள்ள மாட்டேன். உண்மையாகவே தப்பு அவன் பக்கம் என்று சாட்சியத்தில் வந்துவிட்டாலும்கூட, முதல் குற்றம் என்றால் 1958-ஆம் வருஷ நன்னடத்தைச் சட்டத்தின் கீழ் சிறைக்குப் பதிலாக நன்னடத்தைப் பத்திரம் கேட்க வழி இருக்கிறது.

ஏற்காட்டில் இருப்பதால் ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். மலைக் கிராமங்களில் மலையாளி பழங்குடி மக்கள் அதிகம். எதிர்த்தரப்பு பட்டியல் சாதியாகவோ பழங்குடியாகவோ இருந்து, உங்கள் தம்பி அப்படி இல்லை என்றால், வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் சேர வாய்ப்பு உண்டு. சேர்ந்தால் பொதுவாக முன்ஜாமீன் கிடையாது, முகாந்திரமே இல்லாத புகார் என்று முதல் பார்வையிலேயே தெரிந்தால் மட்டும் கேட்கலாம் என்று 2020-இல் பிருத்விராஜ் சவுகான் வழக்கில் சொன்னார்கள். அந்தச் சட்டம் தேவை இருந்துதான் வந்தது. தம்பி சண்டையில் சாதியைச் சொல்லித் திட்டினானா என்பதை ஒளிக்காமல் வக்கீலிடம் சொல்லச் சொல்லுங்கள், அப்படித் திட்டவில்லை என்றால் அதைக் காட்டுகிற வீடியோவும் சாட்சியும் இரட்டிப்பு முக்கியம்.

வக்கீல் வைக்க வசதி இல்லையென்றால் சேலம் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், 15100-க்கும் கூப்பிடலாம். காவலில் இருப்பவர், பெண்கள், பட்டியல் சாதி, பழங்குடியினர் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவு என்றே பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு.

எஃப்.ஐ.ஆர். கையில் வந்ததும் பிரிவு எண்களையும், சம்பவம் நடந்த நேரம், புகார் வந்த நேரம் இரண்டையும் எனக்கு எழுதுங்கள். 118(2)-ஓ 109-ஓ இருந்தால் நோட்டீஸுக்குக் காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே முன்ஜாமீன் மனு தாக்கல் ஆக வேண்டும். அந்த மனுவோடு இணைக்கத் தம்பியின் ஏ.ஆர். நகலும் பல் டாக்டர் சீட்டும் தேவை, அதனால் இதைப் படித்ததும் வண்டியை எடுங்கள்.